ஓடிப்போன வீட்டுக்காரர்கள்

நம் கதைகளில் வாடகைப் பாக்கியை வைத்துவிட்டு, இரவோடு இரவாகத் தட்டுமுட்டுச் சாமான்களுடன் ஓடிப்போகிறவன் குடித்தனக்காரன்தான். நானே இரண்டு கதைகளில் அப்படி ஓடவிட்டிருக்கிறேன். வீட்டுச் சொந்தக்காரர் ஓடிப்போய்க் குடித்தனக்காரர்கள் மட்டும் மிஞ்சினார்கள் என்று எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் நியூயார்க் நகரத்தில் 1970-களில் அது தெருவுக்குத் தெரு நடந்தது.

ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த ஏழைகளுக்காக நூறு வருஷங்களுக்கு முன்பே கட்டிய ஐந்தடுக்கு, ஆறடுக்குச் செங்கல் கட்டடங்கள் அங்கே ஏராளம். அவற்றுக்கு வயதாகிவிட்டது. கூரை ஒழுகும், குழாய் வெடிக்கும். 1973-ல் எண்ணெய் விலை ஏறிய பிறகு, குளிர்காலத்தில் கொதிகலனுக்கு எண்ணெய் ஊற்றுவதே யானைக்குத் தீனி போடுகிற கதையாயிற்று. ஏழைப் பேட்டை என்றால் பாங்கிகள் கடன் தர மறுத்தன. வீட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். முதலில் ரிப்பேரை நிறுத்தினார். பிறகு வரியை நிறுத்தினார். கடைசியில் வாடகை வாங்க வருவதையே நிறுத்திவிட்டார். இன்ஷூரன்ஸ் பணத்துக்காகத் தீ வைக்க ஏற்பாடு செய்த புண்ணியவான்களும் உண்டு.

வரி பாக்கிக்காக வீட்டைக் கைப்பற்ற நகரசபை முன்பெல்லாம் மூன்று வருஷம் காத்திருக்கும். அந்தக் கெடுவை ஒரே வருஷமாகக் குறைத்து 1970-களின் பிற்பகுதியில் சட்டம் செய்தார்கள். பயந்துகொண்டு எல்லோரும் வரி கட்டிவிடுவார்கள் என்று எண்ணம். வீட்டுக்காரர்களோ, 'தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், மகராஜனாய் இருங்கள்!' என்று கையை உதறிவிட்டார்கள். 1975-ல் திவாலாகும் தறுவாயில் நின்ற நகரசபை, இப்படியாக ஆயிரக்கணக்கான ஓட்டை வீடுகளுக்கு எஜமானனாயிற்று. சர்க்கார் வீட்டுக்காரராக வந்தால் ஒழுகல் நின்றுவிடுமா என்ன?

இதற்கு நடுவில்தான் கிழக்குப் பதினோராம் தெரு 519-ஆம் எண் வீட்டின் சரித்திரம் வருகிறது. தீயில் கருகிப் பாழாய்க் கிடந்த ஓர் ஐந்தடுக்குக் கட்டடம் அது. அக்கம்பக்கத்து ஏழை ஜனங்கள் சிலர் சேர்ந்து, 'நாங்களே இதைச் செப்பனிட்டுக் குடியிருக்கிறோம், கடன் கொடுங்கள்' என்று நகரசபையிடம் போய் நின்றார்கள். வீட்டுக்கடன் என்றால் கைப்பணமாக முதலில் ஒரு பங்கு போட வேண்டும் அல்லவா? அவர்களிடம் கைதான் இருந்தது, பணம் இல்லை. ஆகவே அவர்கள் உழைப்பையே அந்தப் பங்காகக் கணக்கிட ஒப்புக்கொண்டார்கள். வியர்வைப் பங்கு என்று அதற்குப் பெயர். மற்றச் செலவுக்கு நகரசபை கடன் கொடுத்தது.

கதாசிரியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான் வருகிறது. இடிபாடுகளை அள்ளிக் கொட்டிக் குழாய் போட்டுச் சுவர் எழுப்பியவர்கள், அத்துடன் நிற்கவில்லை. எண்ணெய்ச் செலவுதானே பழைய வீட்டுக்காரரை விரட்டியது? அதே செலவு நாளை நம்மையும் விரட்டும் என்று யோசித்தார்கள். சூட்டை வெளியே விடாமல் சுவர்களைப் பந்தோபஸ்து செய்து, வெந்நீருக்குச் சூரிய வெப்பத்தைப் பிடிக்கும் தகடுகளை மாடியில் வைத்தார்கள். 1976-ல் மொட்டை மாடியில் ஒரு காற்றாடியையும் நிறுத்தினார்கள்! இரண்டு கிலோவாட் மின்சாரம். எஞ்சியது கான் எடிசன் கம்பெனியின் கம்பிக்குள்ளேயே திரும்பிப் போகும். கம்பெனி ஆட்சேபித்தது. மகா பெரிய கம்பெனிக்கும் ஒரு குடித்தனக்காரர் கூட்டத்துக்கும் வழக்கு. ஜான்சன் ஜனாதிபதியாக இருந்தபோது அட்டர்னி ஜெனரலாக இருந்த ராம்ஸே கிளார்க் குடித்தனக்காரர்களுக்காக வாதாட முன்வந்தார். 1977-ல் மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று மாகாண அதிகாரிகள் தீர்ப்பளித்தார்கள்.

மற்ற வீடுகளின் விஷயம் இவ்வளவு ரஸமானதல்ல. 1978-ல் ஒரு திட்டம் வந்தது. குடித்தனக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து கட்டடத்தை ஒழுங்காக நிர்வகித்துக் காட்டினால், நகரசபை அதைப் பழுது பார்த்து, வீடு ஒன்றுக்கு 250 டாலர் விலையில் அவர்களுக்கே கொடுத்துவிடும். 1986-ல் மேயர் எட் காச் பத்து வருஷத் திட்டம் ஒன்றை அறிவித்தார். கடைசியில் அது 500 கோடி டாலரைத் தாண்டியது. கடனிலிருந்து அப்போதுதான் மூச்சு விட்டிருந்த ஒரு நகரம் வீடுகளுக்காக இவ்வளவு செலவிட்டது பெரிய துணிச்சல் என்பது என் அபிப்பிராயம்.

பேட்டைகள் உயிர்பெற்றன. உயிர் வந்ததும் விலையும் வந்தது. முன்பு கும்பிடு போட்டுப் போன பணக்காரர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள். 250 டாலருக்கு வாங்கிய வீட்டைச் சில லட்சம் டாலருக்குக் கேட்டால் என்ன செய்வது? வாங்குகிறவருக்கு இவ்வளவுதான் வருமானம் இருக்கலாம் என்று பத்திரத்தில் நிபந்தனை உண்டு. பல கட்டடங்களில் விலைக்கு மட்டும் உச்சவரம்பு எழுதத் தவறிவிட்டார்கள். ஆகவே சம்பளம் குறைவாகவும் தகப்பனார் சொத்து நிறையவும் உள்ளவர்கள் வந்து வாங்கினார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருஷம் நடைக்கு விளக்குப் போட்டு, கொதிகலனோடு மல்லுக்கட்டியவர்கள் அவர்கள்தான்.

2002-ல் இன்னொரு பேரம் நடந்தது. அனுமதி இல்லாமல் புகுந்து பல வருஷம் குடியிருந்தவர்களின் பதினோரு கட்டடங்களைச் செப்பனிடும் பொறுப்பை நகரசபை ஒரு தர்ம ஸ்தாபனத்திடம் ஒப்படைத்தது. கட்டடம் ஒன்றுக்கு விலை ஒரு டாலர்.