தோட்டத்து வாசலுக்கு வெளியே: வட சிலாங்கூர்த் தமிழரின் கடைத்தெருவும் ஊர்ப்பயணமும்

கோல சிலாங்கூருக்கு வரும் இளம் பயணிகளுக்கு மெலாவாத்திக் குன்று, கலங்கரை விளக்கம், மின்மினிகள் மொய்க்கும் ஆற்றங்கரை, கருவாடும் மீன் அப்பளமும் விற்கும் கடைகள் ஆகியவையே பெரும்பாலும் எடுத்துக் கூறப்படுகின்றன. இவ்விடங்களை இணைக்கும் சாலைகளின் இருமருங்கிலும் உள்ள தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருந்தும், விரும்பிய கடையில் பொருள் வாங்குவதும் விரும்பிய நாளில் ஊர் பார்க்கப் போவதும் அவர்களுக்கு நெடுங்காலம் எளிதில் வாய்க்கவில்லை.

1905இல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியே, சிலாங்கூர் ஆற்றை அடுத்த காட்டை அழித்து முதலில் கித்தா எனப்படும் ரப்பரைப் பயிரிட்டார். பின்னர் 1917இல், இன்று பெஸ்தாரி ஜெயா என அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அருகே, தெனமாரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். இத்தகைய தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டி வந்தவர் கங்காணி, அதாவது தொழிலாளர் குழுவின் தலைவர். பல தோட்டங்களில் அரிசியை நிருவாகமே கொடுத்து விலையைக் கூலியில் பிடித்துக்கொண்டது; உப்பு, புளி, மிளகாய், துணி முதலியவற்றுக்குத் தோட்டக் கடையில் பற்று வைக்கவேண்டியிருந்தது. 1920களின் இறுதியில் எளிதில் சென்றடையக்கூடிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என வகுக்கப்பட்டிருந்த கூலியும் 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் குறைக்கப்பட்டது. சம்பள நாளில் பற்றைக் கழித்தபின் எஞ்சிய சில்லறையைக் கொண்டு பட்டணத்துக் கடைகளில் விலை கேட்டு, தரம் பார்த்து வாங்குவது எத்தனை பேருக்கு இயன்றிருக்கும் என்பதைக் கூறவேண்டியதில்லை.

வெளியுலகத் தொடர்புக்கு இருந்த தடைகள் 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கோரிக்கைகளாகவே வெளிப்பட்டன. ஆர்.எச்.நாதன் முன்னின்று வழிநடத்திய அப்போராட்டத்தில், கூலி உயர்வோடும் கள்ளுக்கடைகளை மூடும் கோரிக்கையோடும், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோகவேண்டும் என்பதும், துரையும் கிராணியும் எதிர்ப்படும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் இடம்பெற்றன. துரை என்பது வெள்ளைக்கார நிருவாகியையும், கிராணி என்பது தோட்ட எழுத்தரையும் குறிக்கும். சைக்கிளில் ஏறிக் கடைத்தெருவுக்குப் போகும் ஓர் இளைஞன் வழியில் தலைகுனிந்து இறங்கி நிற்கவேண்டியிருந்தது என்பதே அக்காலத் தோட்ட வாழ்வின் தன்மையைத் தெளிவாக உணர்த்தும் சான்று. போராட்டம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியபோது இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை சீரடையும் முன்பே, 1948இல் தொடங்கிய அவசரகாலம் பொருள் வாங்குதலை மீண்டும் இறுக்கியது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்ச் சேராதிருக்கவேண்டும் என்பதற்காக, சிதறிக் கிடந்த லயங்கள், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள், பல தோட்டங்களில் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. உணவுக் கட்டுப்பாடு நிலவிய பகுதிகளில் அரிசி அளந்தே விற்கப்பட்டது; தகர டப்பாவில் அடைத்த உணவை விற்கும் கடைக்காரர், வாங்குபவர் அதைச் சேமித்துவைக்க இயலாதபடி, அங்கேயே டப்பாவில் துளையிட்டுக் கொடுக்கவேண்டியிருந்தது; ரப்பர் மரத்தில் பால் வெட்டப் புறப்படுவோர் சோறு கொண்டுபோகிறார்களா என்று வாசலில் சோதிக்கப்பட்டனர்.

இத்தனை கட்டுப்பாடுகளுக்கிடையிலும் தோட்டத்து மக்கள் மேற்கொண்ட பெரும் பயணம் பத்துமலைப் பயணமே. கே.தம்புசாமிப் பிள்ளை நிறுவிய அக்குகைக் கோயிலில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. 1920இல் மரப்படிகளும், பின்னர் இன்றுள்ள 272 படிகளுக்கு அடிப்படையான கற்காரைப் படிகளும் அமைந்தன. நேர்த்திக்கடன் செலுத்துதல், உறவினரைச் சந்தித்தல், வளையலும் பாத்திரமும் துணியும் வாங்குதல் ஆகிய அனைத்தும் அந்த ஒரே பயணத்தில் அடங்கின. இறைவழிபாட்டையும் ஊர்ப்பார்வையையும் வேறுபடுத்திப் பார்க்கும் இன்றைய சுற்றுலா நோக்கு அம்மக்களிடம் இருக்கவில்லை.

தோட்டங்களுக்கு அருகிலேயே இருந்த கோல சிலாங்கூரின் வரலாறும் அறியத்தக்கதே. 1784இல் மெலாவாத்திக் குன்றைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதற்கு ஆல்திங்பர்க் எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டார். குன்றின்மேல் நிற்கும் கலங்கரை விளக்கம் 1907இல் எழுந்தது. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் கூடி ஒரே தாளத்தில் ஒளிரும் மின்மினிகளை நிலவொளியற்ற இரவில்தான் நன்கு காணமுடியும். சாசாரானுக்கு அப்பால் கடல்நீர் வற்றும்போது தலைகாட்டி வானத்தைப் பிரதிபலிக்கும் மணல்திட்டோ அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் மட்டுமே வெளிப்படுகிறது. ஆகவே இரண்டையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோருக்கு அமாவாசையை ஒட்டிய நாட்களே பொருந்தும்.

தோட்டத்து மக்களின் வாழ்வோ பிற்காலத்தில் மாறியது. உலு சிலாங்கூரின் புக்கிட் செந்தோசாவும் அதை அடுத்த புக்கிட் பெருந்தோங்கும் 1990களில் எழுந்த புதிய நகரியங்கள். 1997ஆம் ஆண்டு நிதி நெருக்கடி இப்பகுதியின் வளர்ச்சியைத் தளரச் செய்தபோதிலும், தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே குடியேறின. பற்றுப் புத்தகம் இல்லாமல், கையிலுள்ள பணத்துக்கு ஏற்ப, பாசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தையில் பேரம் பேசிக் காய்கறியும் மீனும் வாங்கும் வழக்கம் அவர்களின் அன்றாட வாழ்வில் கலந்துவிட்டது. இருப்பினும், பெயர்ந்து போனவர்கள் பழைய தோட்டக் கோயில்களின் திருவிழாவுக்குத் திரும்பி வருவதுண்டு. மெலாவாத்தியைப் பார்த்து முடித்த பயணி அத்திருவிழா நாட்களில் ஒரு தோட்டக் கோயிலுக்கும் செல்வாராயின், கையேடுகளில் இடம்பெறாத வட சிலாங்கூர் வரலாற்றை அதை வாழ்ந்தவர்களிடமே கேட்டு அறியலாம்.