தையற்பொறியில் பூத்த பூ

துணியில் பூ வேலை செய்யும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. பொருநராற்றுப்படையில் கரிகாலனை நாடிச் சென்ற பொருநன் உடுத்திருந்தது, வேறு நூல் நுழைத்துத் தைத்துத் தைத்து நைந்துபோன கந்தல். அவன் பரிசாகப் பெற்றதோ பாம்புரி போன்று மெல்லியதும் பூத்தொழில் நிறைந்ததுமான ஆடை. ஒரே பாட்டில் தையல் வறுமைக்கும் பூ வளமைக்கும் அடையாளமாக நிற்கின்றன. அப்பூ தறியில் நெய்யப்பட்டதா, ஊசியால் இடப்பட்டதா என்று புலவர் பிரித்துக் கூறவில்லை. சிலப்பதிகாரமோ புகார் நகரின் தொழில்வல்லோரை எண்ணுமிடத்துத் துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைக்கும் துன்னரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறது. ஊசிப்பூவின் வரலாற்றைத் தேடிச் செல்வோருக்கு இந்த அடுத்தடுத்த நிலை பெரிதும் பயன்படும். ஏனெனில் அவ்வரலாறு தோல் தைப்பவரிடமிருந்தே தொடங்குகிறது.

கச்சுப் பகுதியில் மோச்சி எனப்படும் தோல் தொழிலாளர் செருப்பும் சேணமும் தைப்பதற்குக் கொக்கிமுனை கொண்ட குத்தூசியைக் கையாண்டனர். அக்கருவி நுண்மைப்பட்டுத் துணிக்கு வந்தபோது 'ஆரி' ஆயிற்று. துணியை இறுக விரித்துக் கட்டி, மேலிருந்து கொக்கியை இறக்கி, அடியிலுள்ள நூலை வளையமாக மேலே இழுத்து, அவ்வளையத்துக்குள்ளேயே அடுத்த வளையத்தைக் கோத்துச் சென்றால் சங்கிலித் தையல் உண்டாகும். கொடியும் இலையும் இதழும் இச்சங்கிலியால் வரையப்பட்டன. குசராத்தில் இவ்வாறு பூவேலை செய்யப்பட்ட துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கப்பலேறி ஐரோப்பா சென்றன. கீழ்த்திசையின் கொக்கித் தையல் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சிலும் பரவியது. வட்டச் சட்டத்தில் முரசுத்தோல் போலத் துணியை இறுக்கிக் கட்டியதால், பிரெஞ்சு மொழியில் முரசைக் குறிக்கும் 'தம்பூர்' என்னும் சொல்லே அவ்வேலைக்குப் பெயராக நிலைத்தது.

லியோன் நகரை அடுத்த மலைப்பகுதிச் சிற்றூர்களில் மசுலின் துணியில் கொக்கியால் பூவேலை செய்யும் பெண்கள் பலர் இருந்தனர். அவர்களின் கையசைவை உற்றுநோக்கியவர் பார்த்தெலமி திமோனியே (1793-1857) என்னும் ஏழைத் தையற்காரர். அப்பெண்களின் கொக்கியையே பெரும்பாலும் மரத்தாலான ஒரு பொறியில் பொருத்தி, காலால் மிதித்து இயக்கச் செய்து, 1830இல் உரிமம் பெற்றார். உலகில் நடைமுறைப் பயனுக்கு வந்த முதல் தையற்பொறி என இதனைக் கூறுவர். ஆக, தையற்பொறியின் முதல் ஊசி தையற்காரரின் ஊசியன்று, பூவேலைக்காரியின் ஊசி. பொறியில் பூத்தைப்பது பின்னாளில் சேர்க்கப்பட்ட ஓர் ஆடம்பரம் என்று எண்ணுவோர் இதனைக் கருதிப் பார்க்க வேண்டும்.

அப்பொறி பூவுக்கு மட்டும் பயன்படவில்லை. பாரிசில் சுமார் 80 பொறிகளோடு அமைந்த பட்டறையில் படைவீரரின் சீருடைகள் தைக்கப்பட்டன. தம் பிழைப்புக்குக் கேடு வந்ததென்று அஞ்சிய தையற்காரர்கள் 1831 சனவரியில் திரண்டு வந்து பொறிகளை நொறுக்கினர். அவர்களை அறியாமையினர் என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நாள் முழுதும் தைத்துக் கூலி பெற்றவர்க்கு அப்பட்டறை எவ்வாறு தோன்றியிருக்கும்? திமோனியேயும் செல்வம் காணவில்லை. 1845இல் அவர் திருத்தியமைத்த பொறிக்குத் தைத்தல், பூவேலை செய்தல் என்னும் இரு பொருளும் தோன்றப் பெயரிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வறுமையிலேயே இறந்தார். எந்தப் பெண்களின் கையைப் பார்த்து அவர் கற்றாரோ, அப்பெண்களின் பெயர் ஒன்றேனும் வரலாற்றில் இல்லை.

1846இல் அமெரிக்கரான எலியாசு ஓவ் முனையில் காதுள்ள ஊசியையும் அடியில் ஓடும் நாடாவையும் இணைத்து இருநூல் தையலுக்கு உரிமம் பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் தம் பொறிக்கு உரிமம் பெற்றார். 1856 முதல் தவணை முறையில் விற்கத் தொடங்கியதால் சிங்கர் பொறி நடுத்தர இல்லங்களுக்குள் நுழைந்தது. கொக்கித் தையல் 1860களில் பிரெஞ்சுக்காரர் பொன்னாசு அமைத்த பூவேலைப் பொறிகளாகப் பட்டறைகளில் தனி வழியே வளர்ந்தது.

காந்தியடிகளுக்கும் இப்பொறியின்பால் ஒரு கனிவு இருந்தது. 1924இல் தில்லியில் சாந்திநிகேதன் மாணவர் கோ. இராமச்சந்திரன், அடிகள் எல்லாப் பொறிகளுக்கும் எதிரானவரா என வினவினார். சிங்கர் பொறிக்கு விலக்களித்த அடிகள், மனைவி தையலில் படும் பாட்டைக் கண்டு அன்பினால் சிங்கர் அதனைப் படைத்தார் என்றார். வரலாறு அவ்வாறு கூறவில்லை. சிங்கர் நாடக நடிகர். பல பெண்களிடம் இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர். பொருளீட்டவே பொறி செய்தவர். ஆயினும் மாணவர் விடவில்லை. அப்பொறிகளைச் செய்யவும் பெரிய ஆலை வேண்டுமே என்று மடக்கினார். அத்தகைய ஆலைகள் அரசுடைமையாக வேண்டும் என்பது அடிகளின் விடை. அந்த மாணவரே 1947இல் தம் துணைவியார் டாக்டர் சௌந்திரம் அம்மையாருடன் திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினார்.

தமிழ்நாட்டு வீடுகளில் இடம்பெற்ற கரிய சிங்கரும் உசாவும் நேர்த்தையல் மட்டுமே இடுவன. அவற்றில் பூ இடுவதற்குத் தனிப்பயிற்சி வேண்டும். துணியை நகர்த்தும் பற்களை மறைத்து, அழுத்துங்காலைக் கழற்றி, வட்டச் சட்டத்தில் இறுக்கிய துணியை இரு கைகளாலும் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஊசி நின்ற இடத்திலேயே குத்தும். இதழை வரைவது கை. கால் மிதிப்பதும் கை நகர்வதும் ஒத்திசையாவிடில் நூல் அறும்; ஊசியும் ஒடியும். கணவனை இழந்த பெண்கள் பலர்க்குப் பிழைப்பு அளித்தது இவ்வகைப் பயிற்சியே. தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையற்பொறி வழங்கியமையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இப்பயிற்சிக்குக் குறுக்குவழியாக வந்தது பூத்தையல் இணைப்பு. இதன் நுட்பம் எளியது, அழகியது. அழுத்துங்காலின் இடத்தில் இதனைப் பூட்டி, இதன் கவையை ஊசியைப் பிடிக்கும் திருகின்மேல் அமர்த்துவர். ஊசி எழும்போதெல்லாம் கவையும் எழுந்து ஒரு பற்சக்கரத்தை ஒரு பல் அளவு தள்ளும். சக்கரத்தோடு துணியும் சிறிது சுழலும். இவ்வாறு குத்துக்குக் குத்துத் துணி திரும்பி, முழுச் சுற்று முடிகையில் தையல் வட்டமாகிவிடும். ஊசி இடவலமாக அசையும் பொறியாயின் அவ்வட்டமே இதழ்களாக விரியும். வட்டத்தின் அளவை ஒரு சிறு நெம்பால் கூட்டவும் குறைக்கவும் இயலும்.

கையால் இடும் பூவில் ஓர் இதழ் நீளும். மற்றொன்று சற்றே சாயும். இணைப்பு இடும் பூவிலோ எல்லா இதழும் ஓரளவு. மல்லிகையா, தும்பையா, செவ்வந்தியா என்று அதற்குப் பெயரிடவும் இயலாது. நிலமும் பொழுதும் அற்ற பூ அது. ஆயினும் இரவு முழுதும் கண்விழித்து இட வேண்டிய பூக்களைச் சில நாழிகையில் முடித்து எழும் பெண்ணுக்கு அது குறையன்று. இக்கருவியால் இயலாத ஒன்றும் உண்டு. துணி எப்புள்ளியைச் சுற்றித் திரும்புகிறதோ, அப்புள்ளியை ஊசி தொடுவதில்லை. பூவின் நடுவே ஒரு வெற்றிடம் எஞ்சிவிடும். அங்கே ஒரு முத்தையோ மஞ்சள் நூல் முடிச்சையோ கையால்தான் வைத்துத் தைக்கின்றனர்.