தெளிந்த ஆறும் தூண்டிற் கனவான்களும்

ஆங்கில இலக்கியம் பயின்றோர், ஐசக் வால்ற்றன் 1653ஆம் ஆண்டில் வெளியிட்ட தூண்டில் நூலை அறிவர். பசும்புல்லும் ஓடைநீரும் நிறைந்த அந்நூலைப் படித்து இன்புறும் நாம், அவ்வோடைகள் யாருக்கு உரியன என்று வினவுவதில்லை. வால்ற்றன் அடக்கம் செய்யப்பட்டது ஹம்ப்ஷயர் மாவட்டத்து வின்செஸ்ரர் நகரிலாகும். அம்மாவட்டத்தின் ரெஸ்ற், இச்சென் ஆகிய இரு நதிகளையும் ஈத்தூண்டிற்காரர் புண்ணிய தீர்த்தங்களாகவே போற்றுவர். அவ்வினாவை அங்கே எழுப்பிப் பார்ப்போம்.

அந்நாட்டில் மழைநீர் வெண்சுண்ணப் பாறையினுள் ஊறித் தங்குகின்றது. பின்னர் அது ஊற்றாக வெளிப்படும்போது பளிங்கெனத் தெளிந்திருக்கும். ஆண்டு முழுவதும் அதன் குளிர்ச்சி பெரிதும் மாறுவதில்லை. நீர்த்தாவரமும் பூச்சியினமும் அங்குச் செழிக்கின்றன. அவற்றால் ட்ரவுட் மீன் கொழுக்கின்றது. (நமது நுவரெலியா ஓடைகளில் வெள்ளைத் தோட்டத்துரைமார் கொணர்ந்து விட்டதும் இம்மீனையே.) நீர்மேல் எழும் ஈயைப் போல, இறகும் நூலும் கொண்டு முள்ளின்மீது கட்டப்படும் போலி ஈயே இவ்வாட்டத்தின் கருவி. ஆனால், இயற்கை எழிலென்று புகழப்படும் இவ்வாறுகளை இயற்கை மட்டும் ஆக்கவில்லை. மாவாலைகளுக்கு நீர் கொண்டுசெல்லவும், 17ஆம் நூற்றாண்டு முதல் புற்றரைகளுக்கு நீர் பாய்ச்சவும் உழைப்பாளர் வெட்டிய வாய்க்கால்களே ஆற்றைப் பல கிளைகளாக்கின. வெட்டியவருக்கு அந்நீரில் ஒரு மீனுக்கும் உரிமையில்லை.

ஏன் இல்லை? கடலின் வற்றுப்பெருக்கு எட்டும் எல்லைவரை மீன்பிடித்தல் பொதுவுரிமை. அதற்கு மேலே அது கரைநிலம் உடையோனுக்கே உரியது என்பது ஆங்கிலப் பொதுச்சட்டம். அவ்வுரிமைக்குக் காவலாகத் தூக்குமரமும் நின்றது. 1723இல் நிறைவேறிய கறுப்புச் சட்டம், முகத்திற் கரிபூசி ஆயுதந் தாங்கி மானோ மீனோ திருடுபவனுக்கும், மீன்குளத்தின் அணையை உடைப்பவனுக்கும் மரணதண்டனை விதித்தது. அச்சட்டத்திற்குக் காரணமாகக் காட்டப்பட்டோருள் இதே ஹம்ப்ஷயரின் வோல்தம் பகுதிக் குழுவினரும் அடங்குவர். 1823இலேயே அதன் பெரும்பகுதி நீக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில், 1822இல், ரெஸ்ற் நதிக்கரையிலுள்ள ஸ்ரொக்பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் ஹவுற்றன் கழகம் தோன்றியது. உறுப்பினர் மிகச் சிலர், அனைவரும் செல்வர். ஆற்றின் நெடும்பகுதி அவர்கள் வசமாயிற்று. 1861ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டமோ மேலும் நயமானது. பிறர் நீரிற் பகலில் தூண்டிலிட்டவனை அது இலேசான தண்டத்துடன் விட்டது. வலை முதலியவற்றாற் பிடித்தவனைக் கடுமையாக நடத்தியது. கனவானின் கருவி எது, ஏழையின் கருவி எது என்பதைச் சட்டமியற்றியோர் நன்கறிந்திருந்தனர் போலும்!

இச்சூழலிலேயே ஃபிரெடெரிக் ஹல்போர்ட் 1886இலும் 1889இலும் வெளியிட்ட நூல்கள் மிதக்கும் ஈயை ஒரு நெறியாகவே நிலைநாட்டின. மேலெழுந்து இரைகொள்ளும் மீனைக் கண்ட பின்னரே தூண்டில் வீசுதல் வேண்டும் என்றனர் அவர் வழிவந்தோர். ஸ்கியூஸ் என்னும் வழக்கறிஞர் 1910இல் நீருள் அமிழும் ஈக்காகவும் வாதிட்டார். அவ்வழக்கு 1938இலும் இலண்டன் கழகமொன்றில் விவாதிக்கப்பட்டது. ஹல்போர்ட்டின் பூச்சியாராய்ச்சியை எள்ளுவதற்கில்லை, அது நுணுக்கமானதே. ஆயினும், பசிக்காக மீன் பிடிப்பவன் இத்தகைய நெறி வகுக்கமாட்டான்.

நம் கவனத்திற்கு மிகவும் உரியவர் வில்லியம் லன். இவர் ஹவுற்றன் கழகத்தின் கூலிபெறும் ஆற்றுக் காவலர். களை வெட்டுதல், கரை காத்தல் ஆகியன இவரது அன்றாடப் பணிகள். ஈக்கள் நீருக்கடியில் இடும் முட்டைகளை வேறு புழுக்கள் தின்றழிப்பதை இவர் கண்டார். பலகைகளை நீரில் மிதக்கவிட்டு, அவற்றின் அடிப்புறத்தில் ஈக்கள் முட்டையிட வழிசெய்தார். புழுக்கள் அங்கு எட்டவில்லை. பல்கலைக்கழகம் எதுவும் கற்பித்த முறையன்று இது. நாள்தோறும் நீரருகே நின்று பெற்ற அறிவு. இவர் கட்டிய போலி ஈயொன்று இன்றும் இவர் பெயராலேயே வழங்குகின்றது. இவரது வாழ்க்கையை 1934இல் நூலாக்கியவர் கொன்சவேற்றிவ் கட்சிப் பாராளுமன்ற உறுப்பினரும் ஈத்தூண்டிற்காரருமான ஜோன் வாலர் ஹில்ஸ். லன்னின் மகனும், அவருக்குப்பின் பேரனும் அதே நதியில் அதே கழகத்துக்குக் காவலராயினர்.