வெள்ளியின் மறுவருகை

மருத்துவ வரலாற்றில் ஒருகாற் புறந்தள்ளப்பட்ட பொருள் மீண்டும் போற்றப்படுதல் அரிது. வெள்ளிக்கு அப்பேறு வாய்த்தது.

1880 இல் ஜேர்மனியின் லைப்சிக் நகர மகப்பேற்று மருத்துவர் கார்ல் கிறெடே, பிறந்த குழந்தைகளின் கண்களில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை இட்டு, அவர்தம் பார்வையைக் காத்தார். 1889 இல் அமெரிக்கரான கேரி லீ ஆக்கிய வெள்ளிக் கூழ்மத்தின் துணிக்கைகள், இன்று நனோ என வழங்கப்படும் அளவினவே. எனினும், 1940களில் பெனிசிலின் பரவவே வெள்ளியின் செல்வாக்குக் குன்றிற்று.

மருந்தைக் குறைந்த அளவில் உட்கொண்டால் அதனை எதிர்க்கவல்ல பற்றீரியாக்கள் தோன்றும் என 1945 இலேயே, தமது நோபல் பரிசுரையில், அலெக்சாண்டர் பிளெமிங் எச்சரித்தார். அது பொய்க்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதலானோர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு, வலிமைமிக்க கார்பபெனெம் மருந்துகளையும் சிதைக்கும் என்.டி.எம்.-1 நொதியத்தையுடைய பற்றீரியாக்களைச் சென்னையில் மட்டும் 44 மாதிரிகளிற் கண்டது.

இந்நிலையிலேயே அறிஞர் வெள்ளியை மீண்டும் நாடினர். ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே நனோமீற்றர். வெள்ளியை 100 நனோமீற்றருக்கும் குறைந்த துணிக்கைகளாக்கின் அதன் மேற்பரப்பு மிகுகின்றது. அதனின்று வெளிப்படும் வெள்ளி அயன்கள் பற்றீரியாவின் மென்சவ்வைச் சிதைத்து, புரதங்களைப் பற்றிச் செயலிழக்கச் செய்கின்றன. பல முனைகளில் தாக்குவதால் எதிர்ப்பு எளிதில் தோன்றுவதில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் 2013 இல் அறிவித்த நீர்வடிகட்டி, நூறு கோடிப் பங்கு நீரில் ஏறத்தாழ 40 பங்கு வெள்ளியையே வெளிவிட்டுக் கிருமிகளைக் கொன்றது.

ஆயினும் வெள்ளி வெல்லற்கரிய படைக்கலமன்று. 1975 இல், அமெரிக்க மருத்துவமனையொன்றின் தீக்காயப் பிரிவில், வெள்ளி நைத்திரேற்றையே எதிர்த்து நின்ற சல்மொனெல்லா பற்றீரியா பரவியமை அறியப்பட்டது. கண்டவிடத்தெல்லாம் வெள்ளியைப் பூசினால் பெனிசிலினுக்கு நேர்ந்ததே இதற்கும் நேரும்.

இவ்வரலாறு ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று. நோட்டன் பிரிட்ஜ் போன்ற மலையகத் தோட்டப்புறங்களில், வைத்தியரிடம் சென்றால் அன்றைய பேர் விழாதென அஞ்சி, கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கும் தொழிலாளியையும் இது தொடுகின்றது. அவரைக் குறைகூறுதல் முறையன்று. கூலி இழக்காது மருத்துவம் பெறும் வழியே வேண்டும். பீலித் தண்ணீர் தூயதாகவும், கவ்வாத்துக் கத்தி பட்ட காயம் அன்றே கழுவிக் கட்டப்படுவதாகவும், மருந்து வைத்தியர் குறித்தவாறே உட்கொள்ளப்படுவதாகவும் அமையின், எதிர்ப்புப் பற்றீரியாக்கள் பெருகும் வாய்ப்புக் குறையும். அங்ஙனம் காக்கப்படும் சமுதாயத்திலேயே புதிய மருந்தும் நெடுநாள் பயன்தரும்.