வீழ்ந்த காட்டுக்கு ஒரு நடுகல்

ஆநிரை மீட்டு வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு வழிபட்ட மரபு நம்முடையது. ஆனால் ஒரு காடே வீழ்ந்துபட்டால் அதன் நினைவை எங்கே நடுவது? வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டின் வரலாற்றைப் படிக்கையில் இக்கேள்வி தவிர்க்க இயலாமல் எழுகிறது.

இவ்வட்டத்தின் திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஏறத்தாழ 2 கோடி ஆண்டு முதுமை உடையவை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலர் பியர் சொன்னெரா அவற்றை ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்தார். அவை இயற்கை தானே எழுப்பிய நினைவுச் சின்னம். நாம் இழந்ததோ அதற்கு மிகப் பிந்திய, உயிருள்ள காடு.

சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய அக்காட்டை 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்று 1936-இல் வகைப்படுத்தினார் சாம்பியன். ஆண்டின் பல திங்கள் மழையற்றுப் போயினும் இலை உதிராத காடு அது. கருங்காலி, உலக்கைப்பாலை, வீரை, நீலப் பூ மலரும் காயா ஆகியன அதன் குடிகள். திருமாலின் மேனிக்கு உவமையாகக் காயாம்பூவைக் கேட்டுப் பழகிய நம்மில் எத்தனை பேர் அம்மலரைக் கண்டிருப்போம்? விறகுக்கும் வயலுக்கும் மேய்ச்சலுக்குமாகக் காடு அழிந்தது. மூடுவதற்கு இலையற்ற மண்ணை மழை அரித்துக் கடலுக்குக் கொண்டு சென்றது, ஓடைகள் பள்ளத்தாக்குகளாயின. சம்பந்தர் பாடிய இரும்பை மாகாளத்தில், கடுவெளிச் சித்தரின் சினத்தால் இந்நிலம் வறண்டதென்று ஒரு கதை வழங்குகிறது. அழிவுக்குக் காரணம் தேடிய மக்களின் மனம் அக்கதையில் தெரிகிறது.

எனினும் காடு முற்றும் மறையவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய புத்துப்பட்டில் அய்யனார் கோயிலைச் சூழ்ந்த காடு தெய்வத்தின் பெயரால் எஞ்சியது. கோடரியைத் தடுத்தது சட்டமன்று. அச்சமும் அன்பும் கலந்த நம்பிக்கை. பிற்காலத்தில் தாவரவியலாளர் அங்கே சென்று மரங்களை எண்ணிப் பதிந்தனர். அய்யனாரின் காடு அவர்களுக்கு ஒரு விதைப்பெட்டகமாயிற்று.

1968 பிப்ரவரி 28 அன்று இம்மேட்டில் ஆரோவில் தொடங்கப்பெற்றது. முதலில் வந்தோர்க்கு வேண்டியிருந்தது நிழல். விரைந்து வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்களை நட்டனர். வரப்பெழுப்பி மழைநீரைத் தேக்கினர். நாட்டு மரங்களின் தேடல் அதன்பின் வலுப்பெற்றது. 1973-இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடும், 2000-இல் தொடங்கிய தாவரவியல் தோட்டமும் எஞ்சிய கோயிற்காடுகளிலிருந்து விதை திரட்டி நாற்று வளர்த்தன. 2011 டிசம்பர் 30 அன்று தாக்கிய தானே புயலில் அயல் வேல மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. வரவழைத்த நிழல் நிலையானதன்று என்பதை அவ்வொரு நாள் உணர்த்தியது.

மரம் நட்டால் மட்டும் காடு மீள்வதில்லை. கொன்றையின் மகரந்தப் பைகளில் சில நுண்துளை வழியே மட்டும் திறப்பவை. தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்தால்தான் மகரந்தம் உதிரும். ஆலுக்கு அதற்கென்றே அமைந்த சிறு குளவி வேண்டும். கருஞ்சிறகில் சிவப்புப் புள்ளிகள் பூண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு ஈசுரமூலி, ஆடுதீண்டாப்பாளை முதலிய ஓரினச் செடிகளையே உண்டு வளரும். ஆடு தீண்டாததை அப்புழு தீண்டுகிறது. அச்செடியின் நஞ்சே அதற்குக் காப்பு. களையென்று அச்செடியைப் பிடுங்கினால் அப்பூச்சியும் அகலும். ஆகவே நாட்டுச் செடிகளின் தோட்டம் என்பது காட்சிப் பூங்கா அன்று; அறுந்த உறவுகளை மீண்டும் பிணைக்கும் முயற்சி.

அம்முயற்சியும் வழக்கிலிருந்து தப்பவில்லை. 2021 டிசம்பரில் நகரத் திட்டத்தின் சாலைக்காக ஆரோவில்லில் மரங்கள் அகற்றப்பட்டன. 2022-இல் பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு விதித்தது; 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. மனிதர் நட்டு வளர்த்தது காடாகுமா, நகருக்கென ஒதுக்கிய நிலமே ஆகுமா என்பது அவ்வழக்கின் மையத்தில் நின்ற வினா. சட்டம் தன் விடையைச் சொல்லிவிட்டது. வரலாறு நோக்குவோர்க்கு வேறொன்று தோன்றுகிறது. புத்துப்பட்டுக் காட்டைக் காத்தது ஆவணம் அன்று, ஊராரின் நினைவு. புதிய தோட்டத்துக்கும் அத்தகைய நினைவு வேண்டும். வானூர்ப் பிள்ளைகள் காயாவையும் வீரையையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் நாளில்தான் இந்த நடுகல்லில் எழுத்துப் பொறிக்கப்பட்டதாகக் கொள்ளலாம்.