பிலடெல்பியாவின் ஜெர்மன் சங்கம்: துறைமுகத்திலிருந்து நூலகத்திற்கு

புலம்பெயர்ந்தோரின் பண்பாட்டுச் சங்கம் என்றதும் நம் நினைவில் எழுவன விழாவும் இசையும் விருந்துமே. அமெரிக்க ஜெர்மானியரின் மிகப் பழைய சங்கமான பென்சில்வேனியா ஜெர்மன் சங்கமோ, துறைமுகத்தில் நிகழ்ந்த கொடுமை ஒன்றைக் கண்டு பிறந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பயணக் கட்டணம் செலுத்த வழியற்ற ஜெர்மானியர் பலர், கடனாளிகளாகவே கப்பலேறினர். பிலடெல்பியாவில் யாரேனும் அக்கடனை அடைத்து அவர்களை ஊழியத்திற்கு எடுக்கும்வரை கப்பலை விட்டு இறங்க முடியாது. பின்னர் சில ஆண்டுகள் கூலியின்றி உழைத்துக் கழிக்க வேண்டும். 1750இல் பயணம் செய்த கோட்லீப் மிட்டல்பெர்கர் தாம் கண்டவற்றை 1756இல் நூலாக வெளியிட்டார். பாதி வழி கடந்தபின் இறந்தவரின் கட்டணத்தையும் எஞ்சிய உறவினரே உழைத்து அடைக்க நேர்ந்ததையும், பெற்றோரும் பிள்ளைகளும் வெவ்வேறு எசமானரிடம் பிரிந்து சென்றதையும் அதில் காண்கிறோம்.

1764 டிசம்பர் 26 அன்று, லூத்தரன் பள்ளிக்கூடம் ஒன்றில் 65 ஜெர்மானியர் கூடிச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். வணிகர் ஹைன்ரிஷ் கெப்பெலே முதல் தலைவரானார். மறு ஆண்டே, சங்கத்தின் முயற்சியால், குடியேறிகளின் பயண நிலையைச் சீர்செய்யும் சட்டம் பென்சில்வேனியாவில் இயற்றப்பட்டது. 1790களில் சங்கத் தலைவராயிருந்த ஃபிரெடரிக் மூலன்பெர்க், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகருமாவார். அவர் தந்தை ஹைன்ரிஷ் மெல்கியோர் மூலன்பெர்க், ஹாலே நகரத்தாரால் 1742இல் அனுப்பப்பட்ட போதகர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் ஹாலேயில் பயின்றவரே என்பதை நாம் இங்கு நினைவுகூரலாம்.

நம் சிந்தனைக்குரிய பகுதி இதன் பின்னரே வருகிறது. 1817இல் சங்கம் நூலகம் ஒன்றைத் தொடங்கியது. மறு ஆண்டே, தன் அலுவல் மொழியை ஆங்கிலமாக்கிக்கொண்டது! நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நிலை நீடித்தது. 1848ஆம் ஆண்டுப் புரட்சி தோல்வியுற்றபின் கற்றறிந்த ஜெர்மானியர் பலர் அமெரிக்காவில் குடியேறினர். அப்புதிய அலைக்குப் பின், 1859இல் ஜெர்மன் மொழி மீண்டும் அரியணை ஏறியது. ஓஸ்வால்ட் சைடன்ஸ்டிக்கர் 1876இல் சங்க வரலாற்றை ஜெர்மன் மொழியிலேயே எழுதினார்.

1901இல் பிலடெல்பியாவில் உருவான தேசிய ஜெர்மன் அமெரிக்கக் கூட்டமைப்பின் தலைவர் சார்லஸ் ஹெக்சாமர், இச்சங்கத்தின் தலைவருமாவார். முதல் உலகப் போர்க்காலப் பகைமையில் அக்கூட்டமைப்பு 1918இல் கலைந்தது. பள்ளிகள் பலவற்றில் ஜெர்மன் மொழிப்பாடம் நிறுத்தப்பட்டது. சங்கமோ நிலைத்தது. ஸ்பிரிங் கார்டன் தெருவில் 1888இல் எழுந்த அதன் கட்டடத்தில், அந்நூலகம் இன்றும் இயங்குகிறது.

முதலில் உயிரைக் காத்தவர்கள் பின்னர் நூல்களைக் காத்தார்கள். இடையில் மொழியை நழுவவிட்டும் நூல்களைக் கைவிடவில்லை. மீண்டும் அம்மொழிக்குத் திரும்பியவர்களுக்குப் படிப்பதற்கு ஏதேனும் இருந்தது என்றால், அது அதனால்தான். நம் ஊர்களின் பழைய வாசகசாலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும் செய்தியைக் கேட்கும்போதெல்லாம், நமக்கு இச்சங்கமே நினைவிற்கு வருகிறது.