வேடந்தாங்கல் காத்த எல்லை

நீலசந்திராவில் வாழும் நம்மவரிற் பலருக்குப் பூர்வீகம் வட ஆற்காடும் செங்கற்பட்டும் ஆகும். ஊருக்குப் போக ரயிலேறிச் செங்கற்பட்டைத் தாண்டித் தெற்கே செல்வோர் படாளம் என்னும் சிறு ஸ்டேஷனைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அங்கிருந்து மேற்கே சில மைல் தொலைவில் உள்ளது வேடந்தாங்கல். வேடன் தங்கிய இடமென்று பெயர் கொண்ட அவ்வூரே வேட்டையை விலக்கிற்று என்பது வேடிக்கையன்றோ!

ஊரின் ஏரி சிறிது. சுமார் 30 ஹெக்டேர்தான். ஐப்பசி மழையில் அது நிரம்பியதும் நீருள் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா முதலியவை கூடு கட்டும். அவற்றின் எச்சம் நீரில் கரையும்; அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்; வேறு எரு அதிகம் வேண்டாமலே நெல் விளையும். இதனைக் குடியானவர் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. தம் வயலைப் பார்த்தே அறிந்தனர்.

செங்கற்பட்டிலிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் விளையாட்டாக இப்பறவைகளைச் சுட்டு வந்தனர் என்பர். ஊரார் கூடி ஜில்லாக் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டனர். (மதுராந்தகம் ஏரிக்கரையைக் காத்தது இராமபிரானே என்று நம்பியதாகக் கதை வழங்குகிறதே, அதே துரைதான்.) 1798-இல் அவர் எழுத்து மூலம் கவுல் வழங்கினார்: ஏரியில் எவரும் பறவை சுடலாகாது. கம்பெனி ஆட்சி மறைந்த 1858-இல் ஊரார் அவ்வுரிமையை மீண்டும் எழுதி வாங்கிக்கொண்டனர். அமெரிக்கர் யெல்லோஸ்டோன் வனத்தைத் தேசியப் பூங்காவாக்கியது 1872-இல்தான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் பெரிதாய்க் கருதுவது கவுலையன்று. துப்பாக்கி ஏந்தியவனுக்கு எல்லை கேட்டவர்கள் அவ்வெல்லையைத் தமக்கும் விதித்துக்கொண்டார்களே, அதுவே அருமை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியிலும் இந்நெறி உண்டு. வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் அஞ்சுமென்று அவ்வூரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. புதுச்சட்டை போட்ட பிள்ளையிடம் வெடி வேண்டாமென்று சொல்லிப் பாருங்கள். அதன் கடினம் விளங்கும். நம் விழாப் பந்தலில் ஒலிபெருக்கியைச் சற்றே தணிக்கச் சொன்னதற்கு எத்தனை முகங்கள் வாடின என்பதை நாம் அறிவோம்.

எல்லை ஒருமுறை வகுத்தால் போதாது. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்றிருந்ததைச் சுருக்க 2020-இல் ஒரு யோசனை எழுந்தது. எதிர்ப்பும் உடனே எழுந்தது. 2022-இல் வேடந்தாங்கல், உலகச் சதுப்பு நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது.

அத்தனை தூரம் போக இயலாதவர்க்கு மைசூர் மார்க்கத்தில் மத்தூரை அடுத்துக் கொக்கரெ பெள்ளூர் இருக்கிறது. 2007-இல் சமூகக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சிற்றூர். அங்கே கூழைக்கடாவும் வர்ண நாரையும் வீட்டுக் கொல்லைப் புளியமரத்திலேயே குஞ்சு பொரிக்கின்றன. பிரசவத்திற்குத் தாய்வீடு வரும் பெண்களென்றே கன்னடத் தாய்மார் அவற்றைச் சொல்கிறார்கள். மாசி, பங்குனியில் ஒரு ஞாயிறன்று குடும்பத்தோடு போய் வரலாம். மரத்தடியில் நிற்கையில் குழந்தைகளைக் கை தட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைக்கு ஒரு குடையும் அவசியம்.